மெக்காயை எங்கே வைப்பது?

டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கக் கால்பந்து ஆடிய குவார்ட்டர்பேக்குகளில் யார் பெரிய ஆள் என்று ஆஸ்டினில் யாரைக் கேட்டாலும் முதல் பெயர் யோசிக்காமல் வரும்: வின்ஸ் யங். அதில் தகராறே கிடையாது. தகராறு இரண்டாவது பெயரில்தான். கோல்ட் மெக்காய் என்று ஒருவர் சொல்வார். “அவன் என்னத்தை ஜெயிச்சான்?” என்று இன்னொருவர் கேட்பார். வயதானவர் யாராவது இருந்தால் ஜேம்ஸ் ஸ்ட்ரீட் பெயர் வரும். அவரை விடவும் வயதானவர் இருந்தால் பாபி லேன். இப்போது குவின் யூவர்ஸையும் சேர்த்துவிட்டார்கள். அடுப்பில் இறைச்சி வெந்து, தட்டுகள் காலியாகி, பிள்ளைகள் நாற்காலியிலேயே தூங்கிப்போன பிறகும் பேச்சு முடியாது.

நான் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவன் இல்லை, பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்தவன். எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். 1969-ல் அவர் அங்கே மாணவர். ஆகவே அவர் ஸ்ட்ரீட் கட்சி. ஆபீஸில் இருக்கும் நண்பர் 2006-ல் பட்டம் வாங்கியவர். அவரிடம் வின்ஸ் யங்கைத் தவிர வேறு பெயரைச் சொன்னால் பாவமாகப் பார்ப்பார். இந்த இருவருக்கும் நடுவில் நான் யாரும் கேட்காமலே மெக்காய் கட்சியில் சேர்ந்துவிட்டேன். முதலிடம் யங்குக்குத்தான், அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் மெக்காயை யங்குக்கு வெகு கீழே, “நல்ல பையன், பாவம்” என்கிற அலமாரியில் வைக்கிறார்களே, அது அநியாயம்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: நான்கு முயற்சிக்குள் பந்தைப் பத்து யார்டு முன்னே கொண்டுபோக வேண்டும். போய்விட்டால் மறுபடி நான்கு முயற்சி. போகாவிட்டால் பந்து எதிரணிக்கு. கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. அதன்மேல் கூடுதலாக ஒன்றோ இரண்டோ எடுக்க ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக் கைக்கு. எறிவதா, ஓடுகிறவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று வினாடியில் அவர் முடிவெடுத்தாக வேண்டும். அதனால்தான் ஜெயித்தால் மாலையும் தோற்றால் வசவும் அவருக்கே.

கல்லூரி ஆட்டம்தானே என்று நினைத்துவிடக்கூடாது. ஆஸ்டினில் உள்ள பல்கலைக்கழக மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் உட்காரலாம். ஆட்ட நாளில் ஊரே செங்கல் கலந்த ஆரஞ்சு நிறத்தில் நடமாடும். ஜெயித்த இரவில் பல்கலைக்கழகக் கோபுரத்துக்கும் அதே நிற விளக்கு. இவ்வளவு கூத்தும் பதினெட்டிலிருந்து இருபத்துமூன்று வயதுக்குள் இருக்கும் பையன்களுக்காக. ஒருவருக்கு வழக்கமாகக் கிடைப்பது நான்கு பருவம். பருவத்துக்குப் பன்னிரண்டு, பதிமூன்று ஆட்டம். சச்சின் 1989-லிருந்து 2013 வரை ஆடினார். ஒரு தொடரில் சறுக்கினால் அடுத்த தொடர் இருந்தது. அவரை எடைபோட இருபத்துநான்கு வருடக் கணக்கு கையில் இருக்கிறது. கல்லூரிக் குவார்ட்டர்பேக்குக்கு அந்த வசதி இல்லை. மொத்தமே ஐம்பது ஆட்டம் என்றால் அதில் ஒன்று மலையளவு பெரிதாகிவிடும். டெக்சாஸில் அப்படிப் பெரிதான ஆட்டங்கள் இரண்டு. இரண்டும் ஒரே மைதானத்தில், கலிபோர்னியாவின் பாசடீனா நகரத்து ரோஸ் போலில் நடந்தவை.

முதலாவது 2006 ஜனவரி 4. எதிரே தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம். தொடர்ந்து 34 ஆட்டம் தோற்காத அணி. வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் விருது வாங்கியவர்கள் அதில் இருவர்: மேட் லைனார்ட், ரெஜி புஷ். அந்த வருட விருதில் புஷ்ஷுக்கு அடுத்து வந்தவர்தான் வின்ஸ் யங். கடைசிக் கால்பகுதியில் ஏழு நிமிடம்கூட மீதி இல்லாத நேரத்தில் டெக்சாஸ் 26-38 என்று பின்தங்கியிருந்தது. யங் ஒரு டச்டவுன் ஓடினார், 33-38. பிறகு எதிரணி தன் நான்காவது முயற்சியில் இரண்டே யார்டு எடுக்க முடியாமல் தடுக்கப்பட்டது. பந்து திரும்பவும் யங் கைக்கு வந்தது. கடைசியில் அவருக்கும் நான்காவது முயற்சிதான். வேண்டியது ஐந்து யார்டு, கோடு பத்து யார்டுக்கும் குறைந்த தூரத்தில். பந்தை வாங்கிப் பின்வாங்குகிறார், எறிய ஆள் தேடுகிறார், யாரும் காலியாக இல்லை. அவசரமே படாமல் வலப்பக்கம் திரும்பி, நீளமான கால்களை எட்டிப் போட்டுக் கொடிக்கம்பத்தின் மூலையில் போய் நுழைகிறார். அவரை யாரும் தொடக்கூட இல்லை. கடிகாரத்தில் 19 வினாடி. 41-38.

அன்றைக்கு அவர் எறிந்து எடுத்தது 267 யார்டு, ஓடி எடுத்தது 200 யார்டு. 1970-க்குப் பிறகு டெக்சாஸ் வாங்கிய முதல் தேசியப் பட்டம் அது. ஆரம்ப ஆட்டக்காரராக யங்கின் மொத்தக் கணக்கு 30 வெற்றி, 2 தோல்வி. 2005 பருவத்தில் எறிந்து மூவாயிரம், ஓடி ஆயிரம் என்று இரண்டையும் ஒரே பருவத்தில் தாண்டிய முதல் கல்லூரி ஆட்டக்காரரும் அவர்தான். ஆபீஸ் நண்பர் இதையெல்லாம் மந்திரம் போல ஒப்பிப்பார். ஒரு எண் கூடத் தப்பாது.

சரி, மெக்காய்க்கு வருவோம்.

டெக்சாஸின் மேற்கே டஸ்கோலா என்கிற சின்ன ஊர்ப் பையன். அப்பா பள்ளி அணியின் கோச். 2006-ல் யங் விட்டுப்போன இடத்தில், முன்னே ஒரு கல்லூரி ஆட்டம்கூட ஆடாத மெக்காயை இறக்கினார் பயிற்சியாளர் மேக் பிரவுன். ஒல்லியான உடம்பு, பார்த்தால் கணக்கு டியூஷன் எடுக்கிறவர் மாதிரி இருப்பார். யங் ஓடும்போது மைதானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பார்கள். மெக்காயிடம் அந்த மாயம் கிடையாது. இவருடையது ஆறு யார்டு, எட்டு யார்டு, மறுபடி ஆறு யார்டு. பந்து எறிபட்டுப் போகும்போது வாங்குகிறவன் இன்னும் திரும்பியிருக்கக்கூட மாட்டான், திரும்பும்போது பந்து மார்பில் இருக்கும். வாங்குகிறவர் பெரும்பாலும் ஜோர்டன் ஷிப்லி, சின்ன வயசிலிருந்து கூட வளர்ந்த நண்பர். 2008-ல் மெக்காய் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 76.7 சரியாகச் சேர்ந்தன. அது அன்றைக்குத் தேசியச் சாதனை. அந்த வருடம் அணியிலேயே அதிக யார்டு ஓடியவரும் அவர்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான்கு வருடத்தில் 45 வெற்றி. அதற்கு முன் எந்தக் கல்லூரிக் குவார்ட்டர்பேக்கும் அத்தனை ஜெயித்ததில்லை. பிற்பாடு பாய்சி ஸ்டேட்டின் கெல்லன் மூர் அதைத் தாண்டினார்.

“இருக்கட்டும், பட்டம் எங்கே?” என்பதுதான் அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல 2008, 2009 என்று இரண்டு வருடத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2008-ல் டெக்சாஸ் ஓக்லஹோமாவை 45-35 என்று ஜெயித்தது. பின்பு டெக்சாஸ் டெக் என்கிற இன்னொரு பல்கலைக்கழகத்திடம் ஒரு வினாடி மிச்சம் இருக்கும்போது தோற்றது. மைக்கேல் கிராப்ட்ரீ கோட்டோரம் பந்தைப் பிடித்துத் திமிறி உள்ளே போன காட்சியை இங்கே இன்னமும் யாரும் முழுசாகப் பார்க்க மாட்டார்கள், சேனலை மாற்றிவிடுவார்கள். ஓக்லஹோமா டெக்சாஸ் டெக்கை நசுக்கியது. ஆக மூன்று அணிகளுக்கும் ஒரே ஒரு தோல்வி. யார் முன்னே போவது என்று தரவரிசையை வைத்துத் தீர்த்தார்கள். டெக்சாஸ் நேருக்கு நேர் ஜெயித்த ஓக்லஹோமாதான் போனது. கடைசித் தரவரிசையில் டெக்சாஸ் மூன்றாவது. அன்றைக்குப் பட்டத்துக்கு ஆட இரண்டே அணிக்குத்தான் இடம். நேரே 2023-க்கு வாருங்கள். யூவர்ஸின் டெக்சாஸ் அணிக்கும் ஒரு தோல்வி, அதுவும் தரவரிசையில் மூன்றாவது. அதற்குள் நான்கு அணி முறை வந்துவிட்டதால் அவர்கள் அரையிறுதி ஆடினார்கள். “யூவர்ஸ் இரண்டு முறை அரையிறுதிக்குக் கொண்டுபோனானே, மெக்காய் எத்தனை முறை?” என்று போன வருடம் ஒரு பையன் என்னிடம் கேட்டான். மெக்காய் அந்த இடத்துக்குத்தான் வந்து நின்றார். அவர் நின்றபோது அங்கே கதவு வைத்திருக்கவில்லை.

2009-ல் தோல்வியே இல்லாமல் பதிமூன்று ஆட்டம். 2010 ஜனவரி 7-ஆம் தேதி, அதே ரோஸ் போல் மைதானம், எதிரே அலபாமா. ஆட்டம் தொடங்கி டெக்சாஸுக்கு மொத்தத்தில் ஐந்தாவது முயற்சி. மெக்காய் பந்தோடு ஓரமாக ஓட, மார்செல் டேரியஸ் என்கிற தடுப்பாளர் வந்து மோதினார். பார்க்க ரொம்பச் சாதாரண மோதல். மெக்காய் எழுந்துவிட்டார், ஆனால் எறிகிற கை செத்துக் கிடந்தது. தோளில் நரம்பு நசுங்கியிருந்தது. உடைமாற்றும் அறையில் அப்பாவைச் சில அடி தள்ளி நிற்கவைத்து எறிந்து பார்த்தாராம், பந்து போய்ச் சேரவில்லை. வலி இருந்திருந்தால் ஊசி போட்டுக்கொண்டு ஆடியிருப்பார். உணர்ச்சியே இல்லாத கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவருக்குப் பதிலாக இறங்கிய கேரட் கில்பர்ட் முதல் வருடப் பையன். இடைவேளைக்கு முன்னால் அவர் எறிந்த ஒரு குட்டிப் பந்தை அதே டேரியஸ் பிடித்துக்கொண்டு ஓடி டச்டவுன் அடித்தார். 6-24. அத்தோடு முடிந்தது என்று நினைத்தபோது, கில்பர்ட் ஷிப்லிக்கு இரண்டு டச்டவுன் எறிந்து 21-24 வரை கொண்டுவந்துவிட்டார். கடைசியில் பந்து கைநழுவிப்போய் 21-37. ஆட்டம் முடிந்து தொலைக்காட்சிக்காரர் மைக்கை நீட்டியபோது மெக்காய்க்கு முதல் சில வினாடி பேச்சே வரவில்லை. இந்த ஆட்டத்தில் ஆடியிருக்க எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன் என்கிற மாதிரிச் சொன்னார்.

மெக்காய் கட்சிக்காரர்கள் இங்கே ஒரு தப்பு செய்கிறார்கள். “அவன் ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம்” என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆடாத ஆட்டத்தை ஜெயித்ததாகக் கணக்கில் எழுத முடியாது. அந்த வாதத்தை எடுத்தவுடன் எதிராளி ஒரு மாதம் முந்தைய நெப்ராஸ்கா ஆட்டத்தைக் கொண்டுவந்து போடுவார். அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். நெப்ராஸ்காவின் டாமுகாங் சூ மட்டும் அன்று மெக்காயை நாலரை முறை கீழே தள்ளினார். (அரை என்பது இன்னொருவரோடு சேர்ந்து தள்ளியது.) டெக்சாஸ் 10-12 பின்தங்கியிருக்க, கடைசி வினாடிகளில் கடிகாரத்தைக் கவனிக்காமல் மெக்காய் ஓடிக்கொண்டே போய்ப் பந்தை வெளியே எறிந்தார். நேரம் பூஜ்யம் என்று காட்டியது. எதிரணி ஆட்டம் முடிந்தது என்று குதிக்கத் தொடங்கிவிட்டது. வீடியோவைப் பார்த்து ஒரு வினாடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஹண்டர் லாரன்ஸ் 46 யார்டிலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி, 13-12. பட்ட ஆட்டத்துக்கு மெக்காயைக் கூட்டிப்போனது அந்த உதை. அன்றைக்கு அவர் மோசமாக ஆடினார். அதை மறைக்க வழியில்லை.

ஆனால் அதிர்ஷ்டத்தை எடுத்தால் எல்லாருக்கும் எடுக்க வேண்டும். யங்கின் அந்த மகத்தான இரவில், இரண்டாம் கால்பகுதியில், அவர் முழங்கால் தரையில் பட்ட பிறகு (பட்டால் அந்த முயற்சி அங்கேயே முடிந்தது) பந்தைக் கூட ஓடியவனிடம் தள்ளிவிட்டு அது டச்டவுன் ஆனது. யாரும் வீடியோவைத் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த ஆறு புள்ளியை எடுத்துவிட்டால் ஆட்டம் வேறு ஆட்டம். எதிரணியின் அந்த நான்காவது முயற்சியை நிறுத்தியதும் யங் இல்லை. அப்போது அவர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதிரணி கோச் அந்த நேரம் ரெஜி புஷ்ஷையும் வெளியே நிறுத்தியிருந்தார், ஏன் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். மெக்காய்க்கு நெப்ராஸ்கா என்றால், யங்குக்கு அந்த முழங்கால்.

பட்டத்தை வைத்து அளப்பதில் உள்ள பெரிய சிக்கல் ஸ்ட்ரீட். இது எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் பேட்டை. ஸ்ட்ரீட் ஆரம்பித்த ஆட்டங்கள் 20, ஜெயித்தவை 20. 1969 டிசம்பர் 6, அர்கன்சாஸ் மாநிலத்தில், ஜனாதிபதி நிக்சன் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்க, முக்கால் ஆட்டம் முடிந்தபோது டெக்சாஸ் 0-14. கடைசிப் பகுதியின் முதல் முயற்சியிலேயே ஸ்ட்ரீட் 42 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார், கூடுதல் இரண்டு புள்ளியும் அவரே எடுத்தார். அப்புறம் ஒரு நான்காவது முயற்சி. மூன்று யார்டு போதும். எல்லாரும் ஓடுவார்கள் என்று எதிர்பார்க்க, பயிற்சியாளர் டேரல் ராயல் தூரப் பந்து எறியச் சொன்னார். இரண்டு பேர் நடுவில் 44 யார்டு போய் ராண்டி பெஷல் கையில் விழுந்தது. ஆட்டம் 15-14. பெரியவர் இந்த இடத்துக்கு வரும்போது நாற்காலியிலிருந்து எழுந்து கையால் எறிந்தே காட்டுவார். முட்டி வலி என்று மூன்று படி ஏற யோசிக்கிற மனிதர்.

ஆனால் அன்றைக்கு டெக்சாஸ் ஆடியது விஷ்போன் முறை. எமரி பெல்லார்ட் என்கிற துணைப் பயிற்சியாளர் உருவாக்கியது. குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் மூன்று பேர் நிற்பார்கள். எதிரே உள்ள ஒரு தடுப்பாளரைத் தடுக்காமல் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அவன் நடுவே பாய்ந்தால் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளியே ஓடவேண்டும், வெளியே வந்தால் நடுவில் ஓடுகிறவனிடம் கொடுக்கவேண்டும், இன்னொருவன் மேலே பாய்ந்தால் பக்கவாட்டில் தள்ளிவிடவேண்டும். அந்த முடிவுகளில் ஸ்ட்ரீட் கெட்டிக்காரர். ஆனால் எறிவதே அபூர்வம் என்கிற முறையில் ஆடியவரை, ஆட்டத்துக்கு முப்பது நாற்பது பந்து எறிந்தவரோடு எண்ணை வைத்து ஒப்பிட்டால் சிரிப்புத்தான் வரும். யங்கின் 30-2, மெக்காயின் 45-8, ஸ்ட்ரீட்டின் 20-0 எல்லாம் ஒரே காலத்தில் ஒரே வேலையைச் செய்தவர்களின் மதிப்பெண்போலத் தெரியும். வேலையே வேறு.

லேன் கதை இன்னும் வேடிக்கை. 1946 புத்தாண்டு அன்று காட்டன் போல் என்கிற ஆட்டத்தில் மிசூரிக்கு எதிராக டெக்சாஸ் 40-27 ஜெயித்தது. அந்த நாற்பது புள்ளியிலும் லேன் கை இருந்தது: ஓடினார், எறிந்தார், பிடித்தார், கூடுதல் புள்ளிக்கு உதைத்தார். பிற்காலத்தில் டெட்ராய்ட் அணிக்குத் தொழில்முறைப் பட்டங்களும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் இன்றைய குவார்ட்டர்பேக் வேலைக்கு அடிப்படையான அமைப்பு டெக்சாஸுக்கு வந்ததே 1947-ல், லேனின் கடைசிப் பருவத்தில். அவரை எந்தப் பட்டியலில் வைத்தாலும் பாதி அந்தப் பட்டியலுக்கு வெளியேதான் நிற்பார்.

பழையவர்களைப் பற்றிப் பேசும்போது இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், விருந்துகளில் அதை யாரும் எடுப்பதில்லை. 1969-ல் பட்டம் வாங்கிய டெக்சாஸ் அணியில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. அப்படிப் பட்டம் வாங்கிய கடைசி அணி அதுதான் என்று சரித்திரத்தில் பதிந்திருக்கிறது. ஜூலியஸ் விட்டியர் 1970-ல் முதல்முறையாக அந்தத் தடையைக் கடந்து பிரதான அணியில் ஆடினார். குவார்ட்டர்பேக் இடத்தில் ஒரு கறுப்பினத்தவர், டானி லிட்டில், நிற்க எழுபதுகளின் கடைசி ஆகிவிட்டது. ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்த வின்ஸ் யங் மாதிரி ஒரு பையன் 1945-லோ 1965-லோ இருந்திருந்தால் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடியிருக்கவே முடியாது. லேனும் ஸ்ட்ரீட்டும் அதற்குப் பொறுப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர்கள் ஜெயித்தது ஊரில் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவைத்த போட்டியில். ‘அந்தக் காலத்து ஆட்டம்தான் ஆட்டம்’ என்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரியவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அது வாஸ்தவம்” என்றார். பிறகு மறுபடி ஸ்ட்ரீட்டுக்குப் போய்விட்டார்.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? எனக்குப் பிடித்த அளவுகோல் ஒன்று இருக்கிறது: அந்த ஆளை எடுத்துவிட்டால் அணி என்ன ஆகிறது? கற்பனையில் எடுக்க வேண்டாம், மெக்காய் விஷயத்தில் நிஜமாகவே எடுத்துப் பார்த்திருக்கிறோம். 2006-ல் கன்சாஸ் ஸ்டேட்டுடன் ஆடும்போது ஆரம்பத்திலேயே தானே உள்ளே நுழைந்து டச்டவுன் அடித்து, அதிலேயே காயப்பட்டு வெளியேறினார். டெக்சாஸ் 42-45 தோற்றது. 2010 ஜனவரியில் ஐந்தாவது முயற்சியில் போனார், பட்டம் போனது. அவர் படித்து முடித்துப் போன பிறகு வந்த 2010 பருவத்தில், முந்தைய வருடம் தோல்வியே இல்லாமல் பட்ட ஆட்டம்வரை வந்த அணி 5 வெற்றி, 7 தோல்வி. ஷிப்லி, எர்ல் தாமஸ் போன்றவர்களும் அதே நேரத்தில் போனார்கள் என்பது உண்மை. ஆனாலும் மேக் பிரவுன் அதே பிரவுன். சேர்ந்த பையன்களும் நாட்டிலேயே பொறுக்கி எடுத்தவர்கள்தான். அப்படியும் சீட்டுக்கட்டு மாதிரிச் சரிந்தது. அந்தச் சரிவிலிருந்து டெக்சாஸ் எழுந்து நிற்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

இந்த அளவுகோலை எடுத்தால் யங்குக்கு இடி விழும் என்பது ஆபீஸ் நண்பருக்கும் தெரியும். யங் போன மறு வருடம், 2006-ல், டெக்சாஸ் 10 வெற்றி 3 தோல்வி. அப்படியானால் யங் இல்லாமலும் அணி நன்றாகத்தானே இருந்தது? பார்த்தால் அப்படித் தெரியும். ஆனால் அந்த வருடம் யங்கின் இடத்தில் நின்றது யார்? முதல் பருவத்திலேயே 29 டச்டவுன் எறிந்த மெக்காய்! யங்கைக் குறைக்க எடுக்கும் சாட்சி, மெக்காயின் சாமர்த்தியத்துக்குத்தான் சாட்சி. ஆக இந்த அளவுகோலால் யங் சிறுக்கவில்லை, மெக்காய் உயர்கிறார். நண்பரிடம் இதை எடுத்துச் சொன்னபோது, “அப்போ நீயே ஒத்துக்கிட்டே, யங் சிறுக்கவில்லை” என்று பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஏன் யங் முதலிடம் என்று கேட்கலாம். ரோஸ் போல் மட்டும் காரணமில்லை. 2004-ல் ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 7-35 பின்தங்கி 56-35 ஜெயித்தது, அடுத்த வருடம் அதே அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 506 யார்டு, 2005 ஜனவரியில் மிச்சிகனுக்கு எதிராக ஓடியே நான்கு டச்டவுன். பயிற்சியாளர் வரைந்து கொடுத்த ஆட்டம் உடைந்து போன பிறகும் அவரிடம் இன்னொரு ஆட்டம் இருந்தது. மெக்காயிடம் அது இல்லை. நெப்ராஸ்கா அன்று திட்டம் உடைந்தபோது அவரும் உடைந்தார். என் கட்சிக்காரராக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

யூவர்ஸுக்கும் இதே இடத்தில்தான் கணக்கு முடிந்தது. 2025 ஜனவரி, காட்டன் போல் அரையிறுதி, ஒஹாயோ ஸ்டேட்டிடம் 14-21 என்று பின்தங்கியிருந்த நேரம். கோட்டுக்கு ஒரு யார்டில் நின்ற டெக்சாஸ், ஒரு தப்பான ஓட்டத்தில் பின்னுக்குப் போய் நான்காவது முயற்சிக்கு எட்டு யார்டில் நின்றது. யங் நின்ற அதே தூரம் என்று சொல்லிவிடலாம். யூவர்ஸ் பின்வாங்கி ஆள் தேடினார். ஓரத்திலிருந்து ஜாக் சாயர் வந்து பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு 83 யார்டு ஓடினார். சாயர், யூவர்ஸ் முன்பு ஒஹாயோவில் இருந்தபோது அறைத்தோழர். இந்த மாதிரியெல்லாம் கதை எழுதினால் நம்ப மாட்டார்கள். யங் அந்த வினாடியில் காலால் தப்பித்தார், யூவர்ஸுக்கு அந்தக் கால் இல்லை. அதற்காக அவரைத் திட்டுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் கிடையாது. பத்து வருடக் குப்பையிலிருந்து அணியைத் தூக்கிவிட்டதில் அவர் பங்கு பெரிது. ஆனால் மெக்காய்க்குப் பக்கத்தில் நிறுத்த முடியாது.

பல்கலைக்கழகம் யங்கின் 10-ஆம் எண்ணையும் மெக்காயின் 12-ஆம் எண்ணையும் இனி யாருக்கும் கொடுப்பதில்லை. லேனின் 22-ம் அப்படியே. ஸ்ட்ரீட்டின் 16 அந்தப் பட்டியலில் கிடையாது. இப்போது அதைப் போட்டுக்கொண்டு ஆர்ச் மேனிங் ஆடுகிறார். பெரியவருக்கு இதில் தீராத மனத்தாங்கல்.

என் வரிசை: யங், ஒட்டினாற்போல் மெக்காய், ஒரு மூச்சு விட்டு ஸ்ட்ரீட், பிறகு யூவர்ஸ். லேனுக்குத் தனி நாற்காலி. மேனிங்கின் கணக்கு முடியட்டும், பார்க்கலாம். இந்த வரிசையைப் போன வாரம் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பெரியவரிடம் சொன்னேன். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்: “இருபதுக்கு இருபது ஜெயித்தவன் மூன்றாவது என்கிறாய். முதலிடத்துக்கு வர இன்னும் எத்தனை ஜெயித்திருக்க வேண்டும், அதைச் சொல்.”